முப்பத்தெட்டு நிமிட ஊர்

ஜூன் 3

நாத்தனாருக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இரண்டு வருடமாக உனக்கு நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. இப்போது எழுத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. தொலைபேசியில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

போன மாதம் வந்த என் மகன் ஒரு டேப்லெட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அதில் நம் இரண்டு ஊர்களின் பெயரையும் தட்டிப் பார்த்தேன். "விமான தூரம் 231 கிலோமீட்டர். பறக்கும் நேரம் 38 நிமிடம்" என்று வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். முப்பத்தெட்டுதான்.

உன் அண்ணனிடம் பல் காட்ட வந்தவர்கள் எங்கள் முன்னறை நாற்காலியில் அதைவிட அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சு வலி வந்தது ஒரு சனிக்கிழமை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "வாலு வர்றாளா?" என்று உன்னைத்தான் கேட்டார். "வந்துக்கிட்டே இருக்கா" என்றேன். ஞாயிறு காலை போய்விட்டார். உடனே உனக்குச் செய்தி சொன்னோம். திங்கள் பதினொன்றே காலுக்குத்தான் அவரை எடுத்தோம். நடுவில் ஒரு முழு நாள் இருந்தது. "வர முடியவில்லை" என்று இரண்டே சொல்லில் பதில் அனுப்பினாய். அதற்குப் பிறகும் நீ வரவில்லை. நீ வேலை பார்ப்பது விமான நிலையத்தில். மீன் விற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு மீன் கிடைக்கவில்லை என்பது போல் இருக்கிறது.

ஏன் வரவில்லை என்று நேரான பதில் எழுது. பதில் சரியாக இல்லையென்றால் நமக்குள் இதுவே கடைசிக் கடிதம்.

உன் அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணி,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த தீயணைப்புக்காரர், "என்னக்கா, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டார். "அதுக்கும் மேல. எங்க அண்ணி" என்றேன்.

முதலில் ஒரு தகவல். உங்கள் கடிதம் இங்கே வந்து சேர ஒன்பது நாள் ஆனது, முப்பத்தெட்டு நிமிட ஊரிலிருந்து.

அண்ணி, அப்படி ஒரு விமானம் கிடையாது. யாரோ ஒருவர் வரைபடத்தில் நம் இரண்டு ஊருக்கும் நடுவே கோடு போட்டு, அதன் நீளத்தைப் பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க இருபது நிமிடம் சேர்த்து எழுதியிருக்கிறார். அந்தக் கோட்டில் எதுவும் பறப்பதில்லை. அந்தப் பெரிய விமானம் இங்கே இறங்கினால் மூக்கு என் மேசையிலும் வால் கடலிலும் இருக்கும். முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன். ஓய்வு கொடுத்தார்கள், வேறு ஆள் கிடைக்காமல் மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள். டிக்கெட் கிழிப்பது, மூட்டை நிறுப்பது, மேகம் பார்த்து எழுதுவது, ஓடுபாதையில் படுத்திருக்கிற நாய்களை எழுப்பிவிடுவது எல்லாம் நான்தான். உங்கள் ஊருக்கு நேராகப் போகிற ஒரு டிக்கெட்டைக்கூட நான் கிழித்ததில்லை.

இருக்கிற வழி இதுதான். இங்கிருந்து தலைநகருக்குச் செவ்வாயும் வெள்ளியும் விமானம் போய்த் திரும்புகிறது. அங்கிருந்து உங்கள் மலைக்குப் புதனும் சனியும். ஞாயிற்றுக்கிழமை செய்தி கிடைத்தவள் செவ்வாய்க்கிழமை ஏறி, புதன்கிழமை உங்கள் வாசலுக்கு வந்திருப்பேன். திங்கட்கிழமைக்கு வழியே இல்லை.

பிறகு ஏன் புதன்கிழமையாவது வரவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நான் எழுத முடியாது. அதில் இன்னொருவருடைய பிழைப்பு இருக்கிறது. கொஞ்ச நாள் பொறுங்கள். என் அண்ணனை நான் மறந்தவள் இல்லை என்று மட்டும் நம்புங்கள். நம்ப முடியாவிட்டால் திட்டியாவது எழுதுங்கள். கடைசிக் கடிதம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வாலு


ஜூன் 26

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் இருக்கிற டிக்கெட் ஏஜெண்டிடம் போனேன். டேப்லெட்டையும் காட்டினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, இது கணக்கு. விமானம் இல்ல."

"அச்சுல இருக்கேப்பா."

"அச்சுல இருந்தா பறந்துடுமாம்மா?"

பேச்சில் மரியாதை இல்லை. ஆனால் விஷயம் சரி. முப்பத்தெட்டு நிமிடம் பற்றி நான் எழுதியது தவறு. பிழையை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை, பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். பறக்காத விமானத்துக்கு நேரம் குறிப்பது, பிறக்காத குழந்தைக்கு மதிப்பெண் பட்டியல் போடுவது போல என்று விளக்கியிருக்கிறேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது. நான் பாடம் நடத்திய கான்வென்டில் இப்படிப் பதில் எழுதினால் மதர் மறுபடி எழுத வைத்திருப்பார்.

இனி உன் விஷயம். செவ்வாய் விமானம் உன் மேசைக்கு முன்னால்தான் நின்றிருக்கும். நீ ஏறவில்லை. மாதம் ஒன்றானது, வருடம் ஒன்றானது, அப்போதும் ஏறவில்லை. யாருடைய பிழைப்பு? எதற்குப் பொறுக்க வேண்டும்? கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு மர்மக்கதை எழுதாதே. உன் கடிதத்தில் ஒன்பது இடத்தில் கமா விடுபட்டிருக்கிறது. திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கடைசிக் கடிதம் என்று எழுதியதைத் தற்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணி,

திருத்தின தாள் கிடைத்தது. சிவப்புப் பென்சிலைப் பார்த்ததும் வீட்டுக்குள் நீங்களே வந்து நிற்பது போல் இருந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பொறுங்கள் என்றேனே, அந்தக் கெடு நேற்று முன்தினம் முடிந்தது. மருந்து விமானம் ஓட்டுகிற கட்டைக்குரல் பைலட் புதன்கிழமையோடு ஓய்வு பெற்றார். மாலை போட்டு, இனிப்பு கொடுத்து, அவருடைய உரிமத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிக் கையில் கொடுத்தோம். இனி யாராவது அதைப் பிடுங்க வேண்டுமென்றால் ஆணியோடுதான் பிடுங்க வேண்டும். அதனால் சொல்லலாம். அவரிடமும் கேட்டுக்கொண்டேன். "சொல்லும்மா, ரகசியத்தை அடக்கி வச்சு உன் வயிறு ஏன் வீங்கணும்" என்றார்.

அண்ணி, அந்தத் திங்கட்கிழமை நான் வந்தேன்.

அன்று காலை மருந்து விமானம் தெற்கே தீவுக்குப் போக வேண்டும். நான் மேகம் பார்த்து எழுதிய தாளைக் கொடுக்கப் போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றார். சொன்னேன். தாளைப் படித்தார். பிறகு, "ஏறு. தீவுக்குச் சாயங்காலம் போய்க்கலாம்" என்றார். அது கூடாத காரியம். ஆள் ஏற்றக் கூடாத விமானம், போகக் கூடாத ஊர். தெரிந்தால் அவர் வேலை அன்றோடு சரி. மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு வந்தேன்.

முப்பத்தெட்டு நிமிடம் இல்லை, ஐம்பத்து நான்கு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உங்கள் ஊருக்கு மேலே வந்தபோது கீழே வெள்ளையாக மேகம், பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டின மாதிரி. மலை நுனி ஒன்றிரண்டுதான் தெரிந்தது.

"உங்க அண்ணன் வீடு எந்தப் பக்கம்?" என்று கத்தினார்.

"தெரியலையே!"

"ஓடுபாதையும்தான் தெரியல. மலைக்கு நடுவுல கண்ணை மூடிக்கிட்டு இறங்க முடியாதும்மா. இன்னொரு சுத்து சுத்தறேன். அதுக்கு மேல பெட்ரோல் இல்ல."

இன்னொரு சுற்று சுற்றினார். மேகத்தில் ஓட்டை விழவில்லை. திரும்பினோம். நான் மருந்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. இறங்கின பிறகு, "கிட்டப் போய்ட்டு வந்துட்டோம்ல" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் செவ்வாய் விமானம் வந்தது. நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். ஏறவில்லை. வந்தால் முதல் கேள்வியே, "நேத்து எங்க இருந்தே?" என்பீர்கள். உங்களிடம் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் யார் இருக்கிறார்கள்? ஐந்து நிமிடத்தில் அந்த மனிதரைக் காட்டிக் கொடுத்திருப்பேன். பிறகு நாள் போகப் போக, வராததற்குக் காரணம் சொல்வதைவிட வராமலே இருப்பது சுலபமாகிவிட்டது. அது என் தப்புதான்.

இதற்கும் பதில் சரியில்லை என்றால் சொல்லிவிடுங்கள்.

வாலு


ஆகஸ்ட் 13

வாலுவுக்கு,

பதினொன்றே கால். வாசலில் எல்லோரும் தலை குனிந்து நின்றிருந்தோம். மேலே ஓர் இரைச்சல் கேட்டது. போய்விட்டது என்று நினைத்தால் மறுபடி வந்தது. உன் அண்ணனின் கம்பவுண்டர், "என்னம்மா இது, இன்னிக்குப் பார்த்து" என்றார். "யாரோ மரியாதை தெரியாதவன்" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை.

உன் கடிதத்தை நேற்றும் இன்றும் படித்தேன். கமா எங்கெங்கே இல்லை என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் 11ஆம் தேதி புதன்கிழமை புறப்பட்டு, வெள்ளிக்கிழமை அங்கே வருகிறேன். மூன்று வாரம் இருப்பேன். வரட்டுமா என்று கேட்கவில்லை, கவனித்திருப்பாய். செய்ய வேண்டிய ஏற்பாடுகளை எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணி,

கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. திட்டுவதற்காக வருகிறீர்களா, சும்மா வருகிறீர்களா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அதற்குத் தகுந்தபடி ஒட்டடை அடிப்பேன்.

இருப்பது ஒரு கூடமும் ஓர் அறையும் சமையலறையும்தான். அறை உங்களுக்கு. ஜன்னலைத் திறந்தால் ஓடுபாதை, அதற்கு அப்பால் கடல். கதவைத் தூக்கி இழுத்தால்தான் சாத்தும். கட்டிலின் ஒரு கால் ஆடும், அட்டை மடித்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு டீச்சர், "யாரு வர்றாங்க, மந்திரியா?" என்று கேட்டுவிட்டுத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள்.

பயணம் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சின்ன விமானம் என்பதால் ஆளையும் நிறுப்பார்கள். கைப்பை, குடை எல்லாவற்றோடும் தராசு மேல் ஏறி நிற்க வேண்டும். தலைநகரில் எடையைக் காகிதத்தில் குறித்துக் கொள்வார்கள். உங்கள் ஊர் விமான நிலையத்தில் இருக்கிற சொட்டைத் தலைக்காரர், நாங்கள் சொட்டையர் என்போம், உரக்கப் படிப்பார். அவருக்குக் காது மந்தம், அதனால் மற்றவர்களுக்கும் மந்தம் என்று நினைப்பு. மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாருங்கள்.

நான் தராசுக்குப் பக்கத்திலேயே நிற்பேன். வேறு எங்கே நிற்பேன்?

வாலு


செப்டம்பர் 12, தலைநகர் விமான நிலையம்

வாலுவுக்கு,

இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் உன்னிடம் வந்து சேரும் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நேரில் சொல்ல எனக்கு வராது. எழுதவாவது வருமா என்று பார்க்கிறேன்.

நாளைய விமானத்துக்கு இன்றைக்கே டிக்கெட்டில் முத்திரை வாங்க வேண்டும் என்று வரச் சொன்னார்கள். எட்டு மணியிலிருந்து இந்த பெஞ்சில் இருக்கிறேன். முத்திரை வைக்கிறவரைக் காணோம். டீ என்று ஒன்று கொடுத்தார்கள். கோப்பை சூடாக இருந்தது, அதைத் தவிர டீக்கு வேறு அடையாளம் இல்லை.

நேற்று நம் ஊரில் பெட்டியோடு என் எடை ஐம்பத்தேழரை. சொட்டையர் படித்த படிப்பில் வெளியே நின்ற டாக்சிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெண், "பரவாயில்லையே" என்றாள். எந்தப் பக்கத்துக்குப் பரவாயில்லை என்று கேட்டிருப்பேன். அதற்குள் அவளை ஏற்றி, அவளுடைய எண்ணையும் படித்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சிநேகிதிகளாகிவிட்டோம்.

விமானம் ஏறின பத்தாவது நிமிடம் மேகத்துக்குள் போனது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத்தாள் ஒட்டினது போல் இருந்தது. கீழே ஊர் இருக்கிறது, என் வீடு இருக்கிறது, எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் மருந்துப் பெட்டி எதுவும் இல்லாததால் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன். நான் தனியாக விமானத்தில் ஏறுவது இதுதான் முதல் தடவை. உன் அண்ணன் இருந்தால் சிரித்திருப்பார். அவருக்குப் பற்களும் வரிசையாக இருந்தன, அதனால் எதற்கும் சிரிப்பார்.

முத்திரைக்காரர் வந்துவிட்டார். வரிசை நீண்டுகொண்டு போகிறது. சொல்ல வந்த வார்த்தையை இன்னும் எழுதவில்லை. தாளிலும் இடம் இல்லை.

அண்ணி


அக்டோபர் 7

வாலுவுக்கு,

சனிக்கிழமை மத்தியானம் வீடு வந்து சேர்ந்தேன். சௌகரியம். கம்பவுண்டர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், தேவைக்கு மேல்.

உன் வீட்டில் நான் மாற்றி வைத்த அலமாரியை நீ இந்நேரம் பழையபடி திருப்பி வைத்திருப்பாய். வைத்துக்கொள். அந்தக் கட்டில் காலுக்கு மட்டும் ஒரு தச்சனைக் கூப்பிடு. மூன்று வாரத்தில் நாம் பதினான்கு முறை சண்டை போட்டோம். அதில் பதினொன்றில் நான் சொன்னது சரி. மற்ற மூன்றும் இன்னும் தீரவில்லை.

நேரில் பேசியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நேரில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய்.

1ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நான் கிளம்ப வேண்டிய நாள். பெட்டியோடு உன் தராசில் ஏறி நின்றேன். பெட்டியில் வந்தபோது இருந்ததுதான் இருந்தது. நீ, "அறுபத்து நாலு" என்று படித்தாய். பின்னல் போட்ட புது பைலட் பெண் கணக்குப் போட்டுப் பார்த்து, "அக்கா, நாலு கிலோ ஜாஸ்தியாகுதே. அந்த மோட்டாரை இறக்கிடட்டுமா?" என்றாள்.

"அது ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் மோட்டாரு. ரிப்பேருக்குப் போகுது, அவசரம்" என்றாய். "எங்க அண்ணிக்கு என்ன அவசரம்? வீட்டுல அடுப்புல பால் வச்சுட்டா வந்திருக்காங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ மட்டும் மேகத்தைப் பார்த்தாய்.

மூன்று வாரத்தில் ஆறரை கிலோ ஏற்றுகிற அளவுக்கு உன் சமையலில் திறமை கிடையாது. வெள்ளிக்கிழமை அதே தராசு ஐம்பத்தெட்டு என்றது. மூன்று நாளில் ஆறு கிலோ இளைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்று தராசில் நின்றபோதே எனக்குத் தெரியும், எண் தப்பு. எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும்.

கண்முன்னால் ஒரு தப்பான எண்ணை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தது என் ஆயுளில் அது ஒரு தடவைதான். "சரி, வெள்ளிக்கிழமை போறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைநகரில் எழுதாமல் விட்ட வார்த்தையை உன் வீட்டிலும் நான் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்ததுதான் நான் அதைச் சொன்ன விதம். ஆனால் எழுத்தில் இல்லாத எதையும் நான் செய்ததாகக் கணக்கில் வைப்பதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

என்னை மன்னித்துவிடு, வாலு. வந்தவளை வராதவள் என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி உன் எடைப் பதிவேடு. அதில் அறுபத்து நான்கு என்று என் பெயருக்கு நேரே எழுதி வைத்திருக்கிறாய். அடித்துவிட்டு, ஐம்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போடு.

உன் அண்ணி


அக்டோபர் 18

அன்புள்ள அண்ணி,

நீங்கள் எழுதிய வார்த்தை வந்து சேர்ந்தது. வழக்கம்போல் ஒன்பது நாள். அதற்கு நான் என்ன பதில் எழுதினாலும் தாள் நனைந்துவிடும், எழுத்து கலைந்தால் நீங்கள் திட்டுவீர்கள். அதனால் விட்டுவிடுகிறேன்.

டிசம்பரில் எனக்குப் பத்து நாள் லீவு தருகிறார்கள். வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

ஆனால் பதிவேட்டைத் திருத்த முடியாது, அண்ணி. முப்பது வருடத்தில் அதில் ஒரு பொய் எண் எழுதினதில்லை, உங்களுக்காகவும் எழுத மாட்டேன். அன்றைக்குத் தராசு அறுபத்து நான்குதான் காட்டியது. காட்டியதைப் படித்தேன்.

என் இடது காலும் தராசின் ஓரத்தில் இருந்தது. உங்கள் பெட்டி மறைத்துவிட்டது.

வாலு